மடிக்கணினியின் விந்தைப் போக்கும் அதனை விசாரிக்கும் முறையும்

 

முன்னாளில் நம்மவர் கடைகளில் பேரேடும் சிட்டையும் கல்லாப்பெட்டியின் பக்கத்திலேயே இருக்கும். இரவில் கடை சாத்தும்போது அவற்றைப் பெட்டியிலிட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். எவர் எழுதினார், எங்கே அடித்துத் திருத்தினார் என்பது மையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இந்நாளிலோ அந்தப் பேரேடு மடிக்கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. சரக்குக் கணக்கு, கடன் கணக்கு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, சங்கத்தின் சந்தாப் பட்டியல், வருஷாந்தர ஜகாத் கணக்கு எல்லாம் அந்தச் சிறிய பெட்டிக்குள் அடக்கம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைத்துக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் நமக்குப் பணிக்கின்றது. எழுதி வைப்பது கடமையென்றால், எழுதியதைக் காப்பதும் அக்கடமையில் அடங்கியதேயாகும். அடுத்தவர் பெயரும், அவர் தர வேண்டிய பாக்கியும், அவருடைய தொலைபேசி எண்ணும் நம் கணினியில் இருக்குமானால் அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகும்.

இந்தப் பெட்டி சில வேளைகளில் விந்தையாக நடந்துகொள்கிறது. அம்புக்குறி தானே ஓடுகிறது; விசிறி நள்ளிரவில் இரைகிறது; தெரியாத எச்சரிக்கைகள் திரையில் குதிக்கின்றன. அப்போது நம்மவர் இரண்டு கட்சியாகப் பிரிகின்றனர். ஒரு கட்சியினர் உடனே, “யாரோ உள்ளே புகுந்துவிட்டான்!” என்று அலறி, பக்கத்தில் இருப்பவர் மீதெல்லாம் ஐயங்கொள்கின்றனர். மறு கட்சியினர், “பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும்” என்று கையை உதறிவிடுகின்றனர். முன்னவரால் ஒரு நிரபராதியின் மானம் போகும். பின்னவரால் ஒரு குடும்பத்தின் சேமிப்புப் போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரான வழியைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது விண்டோஸ் மடிக்கணினியாதலின் அதனையே மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் விசாரணை, பிறகே தீர்ப்பு

ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரித்த பின்னரே நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்பதும், வீண் சந்தேகத்தையும் பிறரைத் துருவி ஆராய்வதையும் விலக்க வேண்டும் என்பதும் சூரத்துல் ஹுஜுராத் 6, 12 ஆகிய வசனங்களிலிருந்து நாம் அறிந்த பாடங்கள். கணினி விஷயத்தில் இவ்விரண்டும் எவ்வளவு பொருத்தமானவை என்பதற்கு, அடுத்த தெருவிலுள்ள ஒரு மளிகைக் கடையில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன்.

அக்கடையில் மாதக் கணக்கைக் கூட்டும்போது மூன்று நாட்களின் பில்களைக் காணவில்லை. பில் போடுபவர் ஊரிலிருந்து வந்து இரண்டாண்டுகூட ஆகாத ஓர் இளைஞர். வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியவர். இங்கு வருவதற்காக வாங்கிய கடன் இன்னும் தீராதவர். முதலாளி அவரை அழைத்து, “தம்பி, பில்லை அழித்தாயா?” என்று கேட்டார். “இல்லை முதலாளி, அல்லாஹ்வின் மீது ஆணை” என்றார் அவர். முதலாளிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. போதாக்குறைக்கு அதே நாட்களில் வங்கியின் பக்கமும் திறக்க மறுத்து, இணைப்புப் பாதுகாப்பானதன்று என்று எச்சரித்திருந்தது. “பையன் ஏதோ கள்ள மென்பொருளை ஏற்றிவிட்டான்” என்று பேச்சு வலுத்துவிட்டது.

அப்போது கடைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த மூன்று நாட்களும் பெட்டியில் பணம் குறைந்ததா?” குறையவில்லை. இரவுதோறும் எண்ணி நோட்டில் குறித்த தொகை சரியாகவே இருந்தது. பில்லை அழிப்பவன் பணத்தை எடுப்பதற்காகவன்றோ அழிப்பான்! பணத்தை வைத்துவிட்டுப் பில்லை மட்டும் அழிக்கும் திருடன் எங்கே இருக்கிறான்? பிறகு தேடிப் பார்த்ததில், காணாமற்போன பில்கள் யாவும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் பத்திரமாக இருந்தன.

காரணம் இதுதான். மடிக்கணினியின் உள்ளே, கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று நாணயம் போன்ற சிறிய பேட்டரி ஒன்று பல மாடல்களில் உண்டு. அது பல ஆண்டுகள் உழைத்துத் தீர்ந்துபோயிருந்தது. பெரிய பேட்டரியும் செத்துவிட்ட பழைய கணினியாதலால், இரவில் சுவர் சுவிட்சை அணைத்த நாட்களில் கடிகாரம் நின்று, மறுநாள் ஏதோ ஒரு பழைய தேதியில் தொடங்கியிருக்கிறது. வங்கிப் பக்கம் திறக்காததற்கும் அதுவே காரணம். பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றும் தன் அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டும். அப்பத்திரத்திற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி தவறாயிருந்தால் அது அப்பத்திரத்தை ஏற்காது.

சில வெள்ளி விலையுள்ள பேட்டரி மாற்றப்பட்டது. முதலாளி எல்லார் முன்னிலையிலும், “என்னை மாப்புச் செய்துவிடு, தம்பி” என்றார். அன்று அந்தப் பெரியவர் வராதிருந்தால், ஒரு பேட்டரி செய்த குற்றத்திற்கு ஒரு மனிதர் தண்டனை அனுபவித்திருப்பார்.

ஆதலின் விந்தை எதைக் கண்டாலும் முதலில் ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

என்ன நடந்தது? திரையில் வந்த வாசகம் என்ன? முடிந்தால் கைப்பேசியால் படம் எடுத்து வைக்கவும்.

எப்போது தொடங்கியது? தேதியும் நேரமும் அவசியம்.

அதற்குச் சற்று முன் என்ன மாறியது? புதிய மென்பொருள், புதிய சார்ஜர், புதிய பென்டிரைவ், பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டு, கீழே சிந்திய தேநீர் எதுவானாலும் எழுதவும்.

மறுபடியும் நிகழ்கிறதா? எப்போதுமா, சில வேளைகளில் மட்டுமா?

இவற்றை எழுதிய பின் கணினியை ஒரு முறை ‘ரீஸ்டார்ட்’ செய்து பார்க்கவும். ‘ஷட் டவுன்’ செய்து திறந்தால் போதாதா என்று கேட்பீர்கள். விண்டோஸில் விரைவாகத் தொடங்கும் வசதி ஒன்றுண்டு. அது வேலை செய்யும்போது, ‘ஷட் டவுன்’ செய்தாலும் உள் அமைப்பின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்து மறுமுறை எடுத்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ செய்யும்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பாதிக் கோளாறுகள் இதிலேயே தீர்வதைக் காணலாம்.

2. குற்றமற்ற காரணங்கள்

அம்புக்குறி தானே நகர்தல். இதைக் கண்டு மிரளாதவர் இல்லை. தொடுபலகையில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் அம்புக்குறி துள்ளும். தரமற்ற சார்ஜரைச் செருகியிருக்கும்போது மட்டும் துள்ளுமானால் குற்றவாளி சார்ஜரே. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். தொடுபலகையை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். தனி மௌஸ் செருகியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வேற்றாள் ஒருவன் தொலைவிலிருந்து இயக்கினால் அம்புக்குறி அர்த்தமில்லாமல் நடுங்காது. ஒரு கோப்பைத் திறக்கும், வங்கிப் பக்கத்துக்குப் போகும், எழுத்துக்களைத் தட்டும். நோக்கத்தோடு நகர்வதே அஞ்சத் தக்கது. அப்படிக் கண்டால் மறு யோசனையின்றி வைஃபையை அணைத்துவிட வேண்டும்.

எழுத்துக்குப் பதில் எண் விழுதல். சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் ‘நம் லாக்’ விசை அழுத்தப்பட்டுவிட்டால் வலப்பக்கத்து எழுத்துக்கள் எண்களாக மாறும். ‘ஷிஃப்ட்’ விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்றொரு பெட்டி தோன்றும். இது விரல் வலுவற்றோருக்காக வைத்த வசதியேயன்றி வேறன்று.

விசிறி இரைச்சலும் மந்தமும். ‘கண்ட்ரோல்’, ‘ஷிஃப்ட்’, ‘எஸ்கேப்’ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். எந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டும். விண்டோஸ் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதனை செய்துகொண்டிருக்கலாம். பிரவுசரில் முப்பது பக்கங்கள் திறந்து கிடக்கலாம். மளிகைக் கடை, மாவு மில், தையற்கடை ஆகிய இடங்களிலுள்ள கணினிகளில் விசிறித் துவாரம் தூசியால் அடைபட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். படுக்கை மீதோ தலையணை மீதோ வைத்து உபயோகித்தாலும் காற்றுத் துவாரம் அடைபடும்.

இரவில் தானே விழித்தல். திருத்தங்களை ஏற்றுவதற்காகவும், சில வேளை மௌஸ் அசைந்ததாலும் உறக்கத்திலிருந்து விழிப்பதுண்டு. நள்ளிரவில் திரை ஒளிர்ந்த ஒரே காரணத்தால் எவரும் உள்ளே புகுந்ததாக முடிவு செய்யலாகாது.

‘கடக் கடக்’ என்ற ஓசை. சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கில் இந்த ஓசை தொடர்ந்து கேட்டால், அது திருடனின் காலடியன்று; டிஸ்க்கின் கடைசி மூச்சு. மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளை உடனே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும்.

தொடுபலகையோ அடித்தட்டோ மேலெழும்புதல். இது வைரஸைக் காட்டிலும் உடனடி அபாயம். உள்ளேயிருக்கும் லித்தியம் பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எளிதில் தீப்பற்றும் பொருள்களை விட்டு விலக்கி வைத்து, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அமுக்கிப் பார்ப்பதும், ஊசியால் குத்துவதும், வீட்டுக் குப்பையில் போடுவதும் கூடவே கூடாது, தீப்பிடிக்கக்கூடும்.

3. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மேற்சொன்னவை அனைத்தும் பொருளின் குறை. இனிச் சொல்பவை ஆளின் வேலையாக இருக்கக்கூடியவை.

வைரஸ் தடுப்பு மென்பொருளை நீங்கள் அணைக்காமலே அது அணைந்திருத்தல்; மறுபடி இயக்கினாலும் இயங்க மறுத்தல்.

நீங்கள் அனுப்பாத கடிதங்கள் உங்கள் மின்னஞ்சலிலிருந்து போயிருத்தல்; அல்லது, வரும் கடிதங்களின் பிரதியை அறியாத முகவரிக்கு அனுப்பும் கட்டளையொன்று மின்னஞ்சல் அமைப்பில் எழுதப்பட்டிருத்தல். வியாபாரிகள் இந்தக் கடைசி விஷயத்தை மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். உங்களுக்கும் மொத்த வியாபாரிக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தைப் படித்திருந்து, பணம் செலுத்தும் தருணத்தில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று பொய்க் கடிதம் அனுப்புவது மோசக்காரர்களின் கைகண்ட தந்திரம். கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், பழைய பில்லில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிக் குரலைக் கேட்ட பின்னரே பணம் அனுப்ப வேண்டும்.

நீங்கள் கேளாமலே ஒருமுறைக் கடவு எண்கள் கைப்பேசிக்கு வருதல். உங்கள் பாஸ்வேர்டு பிறரிடம் சிக்கியிருக்கலாம் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் உங்களுக்குத் தெரியாமல் ஏற்றப்பட்டிருத்தல். இவை தம்மளவில் நல்ல கருவிகளே. பழுதுபார்ப்பவர்கள் நேர்மையாக உபயோகிக்கிறார்கள். ஆனால் வீட்டுச் சாவி நம்மிடமின்றிப் பிறர் சட்டைப்பையில் இருப்பது ஏன் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

கேமராவின் விளக்கு, எந்தப் பேச்சும் நடவாதபோது எரிதல். முதலில் திறந்திருக்கும் மென்பொருள் எது என்று பார்க்கவும். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பிரைவசி’ என்னும் தலைப்பின் கீழ், எந்தெந்த மென்பொருளுக்குக் கேமரா அனுமதி உள்ளது என்று காணலாம். வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள்.

கோப்புகள் திறக்க மறுத்து, பெயரின் வாலில் அறியாத எழுத்துக்கள் சேர்ந்து, பணம் கேட்டு ஓலை கிடத்தல். இது தரவுகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கொள்ளை. 2017 மே மாதம் 12-ஆம் தேதி தொடங்கிய ‘வான்னாகிரை’ என்னும் தாக்குதல் இவ்வகையைச் சேர்ந்ததே. பல நாடுகளில் பரவி, பிரிட்டனின் அரசாங்க மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பியனுப்பும் நிலையை உண்டாக்கிற்று. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அத்தாக்குதல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதமாகியும் அதை ஏற்றாதவர்களே பெரிதும் அவதியுற்றனர்.

4. பொய் எச்சரிக்கைகள்

திருடன் வருவதற்குப் பல வழிகளுண்டு. அவற்றில் மிக எளியது, “திருடன் வந்துவிட்டான், கதவைத் திற” என்று அவனே கூவுவது.

இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்க்கையில் திடீரெனத் திரை முழுதும் நீலமாகவோ சிவப்பாகவோ மாறி, அபாயச் சங்கு ஒலித்து, “உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்க” என்று வரும். அது கணினியின் எச்சரிக்கையே அன்று. வெறும் விளம்பரப் படம் போன்ற ஓர் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. ‘எஸ்கேப்’ விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பல நேரம் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் ‘டாஸ்க் மேனேஜர்’ மூலம் பிரவுசரை மூடவும். அதுவும் இயலாதபோது மின் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்கலாம். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அந்த எண்ணுக்குப் பேசினால் என்னவாகும்? மிகப் பணிவான குரலில் ஒருவன் பேசுவான். தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை ஏற்றச் செய்வான். விண்டோஸ் வழக்கமாக எழுதி வைக்கும் சாதாரணக் குறிப்புகளைத் திறந்து காட்டி, “இவையெல்லாம் வைரஸ்” என்பான். பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வான். ஹஜ்ஜுக்காக வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த ஒரு மூத்த தம்பதியர் இந்தப் படிவரை போய், வங்கிப் பக்கம் திறக்கும் வேளையில் மகள் வீட்டுக்குள் நுழைந்ததால் தப்பினார்கள். மகள் செய்தது பெரிய வித்தை எதுவுமன்று. சுவரிலிருந்த இணையப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார், அவ்வளவே. இணைப்பு அறுந்ததும் மறுமுனையிலிருந்தவன் கையற்றுப் போனான்.

சமீப ஆண்டுகளில் மற்றொரு தந்திரம் பரவியிருக்கிறது. “நீங்கள் மனிதர்தாம் என்று நிரூபியுங்கள்” என்று ஒரு பக்கம் கேட்கும். படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குப் பதிலாக, விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்து, பின்பு ‘கண்ட்ரோல்’ விசையையும் ‘வி’ விசையையும் அழுத்து, பின்பு ‘என்டர்’ அழுத்து என்று வரிசையாகச் சொல்லும். இதன் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, கணினிக்கு நேராகக் கட்டளையிடும் பெட்டியைத் திறப்பது. இரண்டாவது, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை அதில் ஒட்டுவது. மூன்றாவது, அதை நிறைவேற்றுவது. உங்கள் கையாலேயே உங்கள் பூட்டை உடைக்கச் செய்கிறார்கள். மனிதர் என்று நிரூபிக்க எந்த நேர்மையான பக்கமும் இந்த விசைகளைக் கேட்காது.

இன்னுமொன்று. வலப்பக்க மூலையில் ஓயாமல் “வைரஸ், வைரஸ்” என்று சிறு அறிவிப்புகள் வருவதுண்டு. இவற்றுள் பல, எப்போதோ ஒரு பக்கத்தில் அறிவிப்புக்கு ‘அலவ்’ என்று கொடுத்ததன் விளைவேயாம். பிரவுசரின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்னும் இடத்துக்குப் போய், அறியாத பக்கங்களை நீக்கிவிட்டால் ஓய்ந்துவிடும்.

5. சோதிக்கும் வரிசை

ஐயம் தோன்றினால் இவ்வரிசைப்படி செய்க.

முதலாவது, பிரவுசரின் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து, தெரியாதவற்றை நீக்குக. இரண்டாவது, ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’ என்னும் இடத்தில் ஏற்றப்பட்ட மென்பொருள்களை ஏற்றிய தேதி வரிசையில் பார்க்க. விந்தை தொடங்கிய தேதியை நீங்கள் தாளில் எழுதியிருப்பீர்களாதலின் அதனோடு ஒப்பிடுக. மூன்றாவது, ‘டாஸ்க் மேனேஜர்’ உள்ளே ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினி தொடங்கும்போதே எழும் மென்பொருள்கள் எவை என்று காண்க. நான்காவது, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்பதைத் திறந்து ‘ஃபுல் ஸ்கேன்’ செய்க. ஐந்தாவது, அதே இடத்திலுள்ள ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ செய்க. விண்டோஸ் முழுதும் எழுவதற்கு முன்பே இது சோதிப்பதால், உள்ளே ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். ஆறாவது, மின்னஞ்சல் கணக்கிற்குள் சென்று, எந்தெந்தக் கருவிகளிலிருந்து கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைக் காண்க.

பெயர் தெரியாத ஒன்றைக் கண்டவுடன் அழித்துவிடாதீர்கள். விண்டோஸுக்குச் சொந்தமான அவசியப் பகுதிகளுக்கும் விசித்திரப் பெயர்கள் உண்டு. எழுதி வைத்து, அறிந்தவரைக் கேட்டுப் பின்னர் செய்க.

6. தீங்கு உறுதியானால்

கணினியை இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். அதன் பின்னரே மற்றவை.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்தில் பாருங்கள். திரையில் தோன்றிய எண்ணையோ கடிதத்தில் வந்த எண்ணையோ நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் மோசடி பற்றி ஐயம் கேட்க ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. அவசரமாயின் போலீஸ் 999. மலேசியாவில் பணம் போய்விட்டதெனில் தேசிய மோசடி நடவடிக்கை நிலையத்தின் எண் 997. இவ்விஷயத்தில் நாழிகை என்பது பணமேயாகும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவத் தாவ மீட்பது அரிதாகிவிடும்.

பாஸ்வேர்டுகளை நோய்ப்பட்ட கணினியில் மாற்றாமல், வேறொரு நல்ல கருவியில் மாற்ற வேண்டும். இல்லையெனில் புதியதும் திருடன் காதில் விழும். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. மின்னஞ்சல் ஏன் முதலில்? மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டு மறந்தால் புதுப்பிக்கும் கடிதம் அங்கேதான் வருகிறது. அது சாவிக்கொத்துத் தொங்கும் ஆணி. மாற்றிய கையோடு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையையும் கொடுக்க வேண்டும்.

அதன் பின்னர் கோப்புகளை மட்டும் காப்பாற்றி, விண்டோஸை அடியோடு புதிதாக ஏற்றுவதே மனநிம்மதிக்கு வழி. மானக்கேடு என்று மறைக்க வேண்டாம். நீங்கள் மறைத்தால், உங்கள் பெயரில் பொய்க் கடிதம் பெறும் அடுத்த சகோதரர் ஏமாறுவார். சங்க உறுப்பினர்களுக்கு உடனே அறிவிப்பது அவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

7. வருமுன் காத்தல்

திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு ஏற்பாடாயிற்று. வங்கி வேலை பார்க்கும் கணினி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இன்றே பார்த்துக்கொள்க.

கடைப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வையுங்கள். அவற்றுக்கு மென்பொருள் ஏற்றும் முழு அதிகாரம் வேண்டாம். இது அவர்கள் மீது அவநம்பிக்கையன்று. கணக்குத் தனித்தனியாக இருந்தால், குழப்பம் வரும்போது அவர்கள் நிரபராதிகள் என்பதற்கும் அதுவே சாட்சியாகும்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். ஒன்றையே பல இடத்தில் வைக்க வேண்டாம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் என்பது நல்ல கணக்கு. பிரதி எடுத்த டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி விட்டுவைத்தால், கொள்ளைக்காரன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். கழற்றி அலமாரியில் வையுங்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைக் களவாகத் திறக்கும் ‘கிராக்’ என்பதை ஏற்ற வேண்டாம். பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுப்பது நம் மார்க்கத்துக்கு ஏற்றதன்று என்பது ஒருபுறமிருக்க, “வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு இதை ஏற்று” என்று சொல்லும் எதுவும் எதற்காக அப்படிச் சொல்கிறது என்று யோசியுங்கள். காவற்காரனை வெளியே அனுப்பச் சொல்லி வரும் விருந்தாளி நல்லவனாக இருக்க முடியுமா?

8. பயிற்சி வினாக்கள்

கணினியின் தேதி தவறானால் வங்கிப் பக்கம் ஏன் திறக்காது?

தொலைபேசி எண்ணுடன் வரும் எச்சரிக்கையைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன? செய்யக்கூடாதது என்ன?

பாஸ்வேர்டு மாற்றுவதில் மின்னஞ்சலுக்கு முதலிடம் கொடுப்பது ஏன்?

பிரதி எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வைப்பது ஏன்?

இவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பெண்மக்களுக்கும் படித்துக் காட்டி, விடைகளை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். மோசக்காரன், வீட்டில் தனியாக இருப்பவரைத் தேடியே பேசுகிறான். விடை தெரிந்த வீட்டில் அவன் பேச்சு எடுபடாது.

எந்த விந்தையைக் கண்டாலும் பெட்டியை முதலில் விசாரியுங்கள். மனிதரைப் பின்னர் விசாரியுங்கள். பேட்டரியை மாற்றிவிடலாம், விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம். ஒருவருடைய நற்பெயரை அப்படி மாற்றி ஏற்ற இயலாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துக்களைப் பழுதின்றிக் காக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.